மௌத்தானவள் கீறிய பூப்பலகை

ஒரு மனிதன் தன் பொஞ்சாதியை மௌத்தாக்கி மண்ணுக்கு அனுப்ப வேண்டுமென்றால், பொத்துவில் பஸ்ஸில் ஒரு தரம் ஏறி இறங்கினால் போதும். சாய்ந்தமருதுத் தச்சர் ஷரிபுதீன் ஓடாவியார் அதைத்தான் செய்தார்.

கல்லோயாத் தண்ணீர் வயலுக்கு வந்த புதிதில், வசதிக்காரர் எல்லாருக்கும் வாசல் நிலைக்கு மேலே பூப்பலகை வைக்கிற ஆசை வந்துவிட்டது. பொத்துவிலில் பெரிய வயற்காரர் பக்கீர் முகைதீன் போடியாரும் ஓடாவியாரை அழைத்தார். வேலையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தன் விதவை மகள் கைருன்னிஸாவை அவருக்கு நிக்காஹ் பேசிவிட்டார்.

"சக்களத்தியாப் போகமாட்டன்" என்றாள் கைருன்னிஸா, கதவுக்குப் பின்னால் நின்று.

"எனக்குப் பொஞ்சாதி இல்ல. காய்ச்சல்ல மௌத்து" என்று ஓடாவியார் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே கண்ணீர் வந்தது. அவருக்கே ஆச்சரியம்.

அந்த நேரம் அவர் பொஞ்சாதி றம்ஸியா சாய்ந்தமருதில் அவருக்கு மீன் ஆணம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் குறைகள் இருந்தன. பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை; எல்லாம் கபுறடி மண்ணுக்குள். இருக்கிற வீடு றம்ஸியாவின் சீதன வீடு. எல்லாவற்றிலும் பெரிய குறை, அவருக்குப் படம் கீற வராது; பென்சில் பிடித்தால் கோடு கோணும். காலால் மிதிக்கிற வாள் ஒன்று வைத்திருந்தார். அலகு நூல் மாதிரி. பலகையில் படத்தை ஒட்டி, துளை போட்டு, அலகை நுழைத்துக் கோட்டு வழியே ஓட்டினால் சுற்றியுள்ள மரம் உதிர்ந்து பூவும் கொடியும் மிஞ்சும். கோடு அவருடையதல்ல. மருதமுனைத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த றம்ஸியா கீறுவது. பெயர் மட்டும் ஓடாவியாருக்கு.

ஆகவே பொத்துவிலில் காலம் தள்ளக் கட்டுக்கட்டாய்ப் படம் வேண்டும்.

"புள்ள, பொத்துவில்ல பெரிய வேல. கொஞ்சம் கூடக் கீறித் தா."

"எவ்வளவு?"

"எவ்வளவு ஏலுமோ அவ்வளவு. உன்ட கை ஒரு கையா? ரெஸ்ட் ஹவுஸ் தொரமாரும் அசந்து போவாங்க!"

றம்ஸியா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"புள்ளைகள அடக்கிட்டு வந்த நாள்களிலயும் நீங்க இந்தக் கையப் புடிக்கல்ல மச்சான். இண்டைக்கு என்ன புகழ்ச்சி?"

"சும்மா சொன்னதுகா."

"ஓம். சும்மாதான் இருக்கும்" என்று மறுபடி குனிந்து கீறத் தொடங்கினாள்.

கட்டுப் படத்தோடும் வாளோடும் ஓடாவியார் பஸ் ஏறினார். நிக்காஹ்வுக்கு முன் மணவறை வாசலுக்கு ஒரு பலகை வேண்டுமென்று போடியார் கேட்டிருந்தார். முற்றத்தில் வாளைப் பூட்டி, போடியார் கதிரை போட்டுப் பார்த்திருக்க, ஓடாவியார் மிதித்தார். வாள் பாடியது. துளை துளையாய் மரம் உதிர்ந்தது. கடைசித் துளைக்குள் அலகு ஒரு சுற்றுச் சுற்றி வந்ததுதான் தாமதம், நடுப்பூ, கொடி, மயில் எல்லாம் ஒன்றாய்க் கழன்று காலடியில் 'சடார்' என்று விழுந்தன. கையில் வெறும் சட்டம். அதற்குள்ளால் போடியாரின் முகம் தெரிந்தது.

பூவைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற காம்புகள் படத்தில் இல்லவே இல்லை. மற்றப் படங்களைப் பிரித்தார். ஒன்றிலும் இல்லை.

"போன கிழமைதானே ஆறுதலாக் குந்தியிருந்து கீறினவ!" என்று கத்தினார் ஓடாவியார். "காம்பே வைக்காம இப்பிடிச் செஞ்சிட்டாளே!"

"ஆரு?" என்றார் போடியார்.

"றம்ஸியா! என்ட பொஞ்..."

மிச்சத்தை விழுங்கினார். விழுங்கிப் பயனில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து கைருன்னிஸாவின் குரல் வந்தது.

"வாப்பா, மௌத்தானவ கபுறுக்குள்ள இருந்து கீறி அனுப்பியிருக்கா. இருட்டுல காம்பு தெரிஞ்சிருக்காது."

போடியார் எழும்பினார். "படம் கீறுறவர் எண்டு கேள்விப்பட்டன். நீர் படம் காட்டுறவர் போல. பஸ் போகப் போகுது ஓடாவியார்."

சாய்ந்தமருதில் முன்கதவு சாத்தியிருந்தது. றம்ஸியா யன்னலில் நின்றாள்.

"என்ட தம்பி மசூர் பொத்துவில்ல சாரம் விக்கப் போன இடத்துல கேள்விப்பட்டு, நீங்க படம் கேட்டு வர முந்தியே வந்து சொல்லிட்டான். நான் காய்ச்சல்ல போயிட்டனாம். நீங்க அழுதீங்களாம். மெய்யா?"

ஓடாவியார் தலை குனிந்தார். "ம்."

"புள்ளைகளுக்கு அழாத மனுசன். எனக்கெண்டாலும் கண்ணுல தண்ணி வந்திச்சே."

அவள் குரலில் கோபம் இல்லை. ஓடாவியார் தூக்கி வந்த வாளைக் கீழே வைத்தார்.

"வாளக் கொண்டுபோய்ப் பின்வளவுக் கொட்டிலுக்க வைங்க. பாயும் அங்க கிடக்கு. சாப்பாடு வரும். வீட்டுக்குள்ள வராதீங்க."

அன்றிலிருந்து ஓடாவியார் கொட்டிலில் மிதித்தார். வேலை கேட்டு வருகிறவர்கள் றம்ஸியாவிடம் கதைத்தார்கள். காம்பு வைத்த படங்கள் யன்னலால் வந்தன, சோற்றுக் கோப்பையும் அதே யன்னலால் வந்தது. முகம் வரவில்லை.

ஒருநாள் அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு மனுசி, மரத்தூளில் குளித்து இருமிக்கொண்டிருந்தவரை எட்டிப் பார்த்தாள்.

"ஆருகா அந்தக் கெழவன்? உங்கட புருசனா?"

ஓடாவியார் மிதிப்பதை நிறுத்திக் காதைக் கொடுத்தார்.

"இல்ல ராத்தா" என்றாள் றம்ஸியா. "நான் மௌத்தான பிறகு வேலைக்கு வந்தவர்."