அமைதிக் குழு கட்டிய கயிறு

உலக வரலாற்றிலேயே, நடக்காத மதக்கலவரத்தைத் தடுத்து நிறுத்திய ஒரே அமைப்பு எங்களுடைய ‘கடலூர்-சிதம்பரம் வட்டார மதநல்லிணக்க விழிப்புக் குழு’தான். நடக்கிற கலவரத்தை யார் வேண்டுமானாலும் தடுத்துவிடலாம். அதற்கு லத்தி போதும். நடக்காததைத் தடுப்பதற்குத் தனித்திறமை வேண்டும். இதை இணைச் செயலாளர் சுப்பிரமணியன் என்ற முறையில் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். செயலாளர் பதவியை எந்த மதத்தாருக்குக் கொடுப்பது என்று கடைசிவரை முடிவாகாததால், முழுப் பெருமையும் எனக்கே.

2006ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில், கடல் கடந்த ஒரு தேசத்தில், ஒரு பெரிய மதத் தலைவர் இன்னொரு மதத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். எங்கெங்கோ கொடும்பாவி எரிந்தது. டி.வி.யில் படத்துக்கு அடியில் செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. பதறிப்போய் மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூர் கடைவீதிக்கு ஓடினேன். அங்கே கண்ட காட்சியை இன்று நினைத்தாலும் நெஞ்சு நடுங்குகிறது. ஒன்றுமே நடக்கவில்லை. கோயிலுக்கு மாலை கட்டுகிற செல்லாயி, பழக்கடை பாயிடம் கொய்யாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பாய், வெளிநாட்டுல உங்களப் பத்தி இன்னா சொல்லிட்டாங்க தெரியுமா?” என்று காதோடு கேட்டேன்.

“என்னப் பத்தியா? அவுங்களுக்கு என்னை எப்பிடி சார் தெரியும்?”

இந்த அலட்சியம்தான் நாட்டுக்கு ஆபத்து. ஒரு மனிதன் தன் மனம் புண்பட்டிருப்பதுகூடத் தெரியாமல் கொய்யா விற்றுக்கொண்டிருந்தால் அமைதியை யார் காப்பது? மாலையே அவசரப் பொதுக்கூட்டம் என்று அறிவித்துவிட்டேன்.

எங்கள் குழுவின் தூண்கள் மூவர். சிதம்பரம் கலியமூர்த்தி அடிகள், கோபம் வந்தால் மட்டும் தமிழை மறந்து வடமொழியில் பேசுபவர். கடலூர்ப் போதகர் தைரியராஜ், மைக் இல்லாமலே சேத்தியாத்தோப்பு வரை கேட்கும் குரல். பரங்கிப்பேட்டை கௌஸ் மரைக்காயர், எந்த மேடையிலும் நடு நாற்காலியில் மட்டுமே உட்காரும் கொள்கை உடையவர். மற்ற இருவருக்கும் அதே கொள்கை என்பதால் எங்கள் மேடையில் எப்போதும் மூன்று நடு நாற்காலிகள் இருக்கும்.

தூண்கள் தயார். மண்டபம்தான் இல்லை. ஆவணியின் கடைசி முகூர்த்தம். ஊரில் இருந்த எல்லா மண்டபத்திலும் யாரோ யாரையோ கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் தில்லையம்மாள் திருமண மண்டபத்தை ‘பொதுநலன் கருதி’ எடுத்துக்கொள்ள முடிவு செய்தேன். மேல்தளத்தில் மேடை, கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கூடம். அங்கே தையல்கடை சவரிமேரி தன் மகள் ஜெனிஃபருக்கு வரவேற்பு வைத்திருந்தார். கணவர் இல்லை. தைத்துத் தைத்துச் சேர்த்த காசில் ஒரே மகளுக்கு நடத்தும் ஒரே விசேஷம்.

“அம்மா, மண்டபம் எங்களுக்கு வேணும்” என்றேன்.

“இன்னா சார் வெளையாடறீங்களா? ஊரு பூரா பத்திரிகை குடுத்தாச்சி. அடுப்புல அண்டா ஏறியாச்சி.”

“நாட்டுக்கு அமைதி முக்கியமா, உங்க வீட்டுப் பிரியாணி முக்கியமா?”

“பிரியாணிதான் சார்” என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

எவ்வளவு சுயநலம்! ஆனாலும் நான் கருணை உள்ளவன். மேல்தளம் எங்களுக்கு, கீழ்த்தளம் அவருக்கு என்று விட்டுக்கொடுத்தேன். போகிற போக்கில் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை பெயர் சித்தார்த், சேத்தியாத்தோப்பு சின்னையன் மகன்.

“மாப்பிள்ளை வீடு இந்துவா?”

“ஆமா சார். பஸ்ல பாத்துப் பழகிச்சிங்க. ரெண்டு வீட்லயும் ஒத்துக்கிட்டோம்.”

“சமையல் யாரு?”

“நம்ம பழக்கடை பாய்தான். அவர உட்டா பிரியாணிக்கு வேற யாரு?”

மூன்று மதத்தினர், ஒரே கூரையின் கீழ், அதுவும் பசி நேரத்தில்! உலகமே பற்றி எரியும்போது இந்த அம்மாள் பாட்டுக்கு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். உடனே கடைக்குப் போய் நல்ல தேங்காய்நார்க் கயிறாக வாங்கிவந்து, சாப்பாட்டுக்கூடத்தின் நடுவே குறுக்கே கட்டினேன்.

“பெண் வீட்டார் இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம். ஒரு பந்தி அவுங்களுக்கு, ஒரு பந்தி உங்களுக்கு. கலந்து உக்காரக் கூடாது” என்றேன்.

“அப்ப பொண்ணு மாப்ள?”

“தனித்தனிப் பந்தி.”

“இன்னிக்கித்தான் சார் அதுங்களுக்குக் கல்யாணமே ஆயிருக்கு!”

“நிலைமை சரியாகற வரைக்கும்தாம்மா.”

சவரிமேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். என் தொலைநோக்கை முழுமனதாக ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலை. மேலே கூட்டம் தொடங்கியது. கேட்க வந்தவர்கள், பந்திக்கு முன்பே வந்துவிட்ட சிலர் மட்டும். முதல் தீர்மானம், அந்த வெளிநாட்டுத் தலைவரின் கருத்தைக் கண்டிப்பது.

“அவரு இன்னாதான் சொன்னாரு?” என்று முன்வரிசையில் இருந்த கண்ணாயிரம் கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், விவரம் கேட்டே பழகிவிட்டவர்.

மூவரில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. ஆனால் அனுபவம் கைகொடுத்தது. “அதப் படிச்சா மனசு புண்படும். புண்பட்டா அமைதி கெடும். அதனால படிக்காமலே வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்றேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்து, மதங்களுக்கும் வன்முறைக்கும் சம்பந்தமில்லை என்று மூவரும் நிரூபிக்க வேண்டும்.

“எங்க மதத்துல ஒரு கன்னத்துல அறைஞ்சா மறு கன்னத்தக் காட்டுவோம்!” என்று முழங்கினார் போதகர். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“நாங்க ஒருத்தரப் பாத்ததும் சொல்ற முதல் வார்த்தையே அமைதி உண்டாகட்டும்னுதான். ஒரு நாளைக்கு எத்தினி தடவ சொல்றோம், எண்ணிப் பாருங்க! உங்களவிட ஜாஸ்தி” என்றார் மரைக்காயர்.

அடிகள் புன்னகைத்தார். “நாங்க எறும்பு தின்னட்டுமேன்னு அரிசி மாவுல கோலம் போடறவங்க.”

“அப்ப நாங்க எறும்ப மிதிக்கிறோம்ங்கிறீங்களா?” என்று எழுந்தார் போதகர்.

“நான் அப்பிடிச் சொல்லல. சொன்ன மாதிரி நீங்களா எடுத்துக்கிட்டா அது உங்க மனசாட்சி.”

“நம்ம எல்லாரையும்விட எறும்பே தேவலாம்ங்கிறாரு இவரு!” என்று மரைக்காயரும் எழுந்தார்.

“மறு கன்னத்தக் காட்டுவேன்னீங்களே, காட்டுங்க பாப்போம்!” என்று கேட்டுவிட்டு அடிகள் வடமொழிக்குத் தாவினார்.

யார் முதலில் கை ஓங்கியது என்பதை எங்கள் குழு இன்றுவரை முடிவு செய்யவில்லை. மதச்சார்பின்மை கருதி, மூவரும் ஒரே நேரத்தில் ஓங்கியதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். மைக் பறந்தது. தண்ணீர் பாட்டில் பறந்தது. மூன்று நடு நாற்காலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ‘அமைதி’ என்று எழுதிய பதாகை என் தலையிலேயே விழுந்தது. நான் மேசைக்கு அடியில் போய் நிலைமையைக் கண்காணித்தேன்.

சத்தம் கேட்டுக் கீழே இருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். மாப்பிள்ளை அடிகளைப் பிடித்துக்கொண்டான். பாய் கரண்டியும் கையுமாக வந்து மரைக்காயரைச் சமாதானப்படுத்தினார். சவரிமேரி போதகரின் கையிலிருந்து நாற்காலிக் காலைப் பிடுங்கி, “பசியில இருக்காங்க போலருக்கு, வாங்க, வந்து சாப்புடுங்க” என்று கீழே அழைத்துப்போனார். அங்கே என் கயிற்றைக் காணவில்லை. அவிழ்த்து, வாசலில் சரிந்த ஷாமியானாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சேத்தியாத்தோப்பு மாமாவுக்குக் கடலூர் மச்சான் தயிர்ப்பச்சடி பரிமாறினார். அடிகளுக்குத் தனியாகச் சாம்பார் சாதம். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து, நானே பாதுகாப்புக்குக் கேட்டிருந்த போலீஸ் வந்தது. எஸ்.ஐ. மேலே போய் உடைந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டு இறங்கிவந்தார்.

“யாரு சார் அடிச்சிக்கிட்டது?”

என் வாழ்க்கையின் சோதனையான நொடி அது. உண்மையைச் சொன்னால் அமைதிக் குழு கலையும். குழு கலைந்தால் அமைதி என்னாவது? நான் ஒரு தேசபக்தன். பொறுப்போடு பதில் சொன்னேன்.

“கீழ ரெண்டு மதத்துக்காரங்க எங்க கயித்த அவுத்துட்டு ஒரே பந்தியில உக்காந்துட்டாங்க. அதனால மேல பதற்றம் ஏற்பட்டுடுச்சி.”

மூன்று தூண்களும் வாய் நிறையச் சோறோடு தலையாட்டினார்கள். அவர்கள் ஒரே கருத்தில் ஒன்றுபட்டது குழுவின் வரலாற்றில் அதுவே முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு சட்டம் தன் கடமையைச் செய்தது. ஓராண்டுக்கு ஊரில் அமைதியைக் குலைக்க மாட்டேன் என்று சவரிமேரி அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. தலைவர்கள் மூவருக்கும் ‘அமைதிச் செம்மல்’ விருது கொடுத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த சவரிமேரியை அந்த அதிகாரியின் அலுவலக வாசலில் பார்த்தேன்.

“எம்பொண்ண அனுப்பறப்பகூட நான் அழுவல சார். நல்ல எடத்துக்குத்தான போறான்னு இருந்துட்டேன். இந்தக் கையெழுத்துப் போடறப்ப அழுதுட்டேன்” என்றார்.

அமைதியின்பால் அவருக்கு அவ்வளவு உருக்கம் என்று குறித்துக்கொண்டேன். அன்று இரவு ஏனோ சோறு இறங்கவில்லை. பதாகை விழுந்த இடத்தில் வலி இருந்திருக்கும்.

ஓராண்டு முடிந்தது. அடுத்த சில மாதங்களில் சவரிமேரியே என் வீட்டுக்குப் பத்திரிகையோடு வந்தார். ஜெனிஃபர் குழந்தைக்குக் காதுகுத்து, அதே மண்டபம், தூண்கள் மூவரோடு நானும் அவசியம் வர வேண்டுமாம். மன்னிக்கும் குணம் வேண்டும் என்பது எங்கள் கொள்கை. அவரை மன்னித்து, போனோம்.

சாப்பாட்டுக்கூடம் நிறைந்திருந்தது. சேத்தியாத்தோப்பும் கடலூரும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி உட்கார்ந்திருந்தார்கள். பாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு மூலையில் தனியாக இடம் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. தேங்காய்நார்க் கயிறு. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

“இது எதுக்கும்மா?” என்றார் போதகர்.

“பாதுகாப்புக்குத்தான் ஐயா. கொழந்த குட்டிங்க இருக்கற எடம். நீங்க நாலு பேரும் கயித்துக்கு அந்தப் பக்கமே இருந்துக்குங்க. எல்லாம் அங்கயே வந்துடும்.”

வந்தது. சாப்பிட்டோம். அன்று ஒரு நாற்காலிகூட உடையவில்லை. கயிறு கட்டினால் அமைதி நிலவும் என்று நான் சொன்னது சரிதான். எந்தப் பக்கம் யாரை உட்காரவைப்பது என்பதில்தான் முதல் தடவை சின்னத் தவறு நடந்துவிட்டது.