முப்பத்தொரு வாரம் முதலிடம்

கண்ணாடிக்காரர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். கூடு மூடுவேனா என்றது.

"என்னங்க அது?" மனைவி பின்னாலேயே நின்றிருந்தாள்.

"ரேடியோ ஸ்டேஷன்லேர்ந்து..." உண்மை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. "அந்தக் காலத்துல நம்ம பாட்டுக்கு ஓட்டுப் போட்டேன்ல? அந்தக் கார்டு மூட்டையெல்லாம் இப்ப அகப்பட்டுச்சாம். பாராட்டி எழுதியிருக்காங்க."

கடிதத்தில் இருந்ததே வேறு. வாராந்தரப் பாட்டு வரிசைக்கு எழுபதுகளில் நேயர்கள் ஓட்டுப் போட்ட தபால் கார்டுகள், நிலையத்துக் கிடங்கில் மூட்டை மூட்டையாக அகப்பட்டிருந்தன. சுவையான கார்டுகளை ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெயர் சொல்லி வாசிக்கப் போகிறார்கள். அவர் எழுதியதும் தேர்வாகியிருந்தது: 'இந்தப் பாட்டை இன்னும் ஒரு வாரம் முதலிடத்தில் வைத்தால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக்கொள்வேன். என் ஓட்டு இரண்டாம் இடத்துக்கு.'

அந்தப் பாட்டுதான் அவர்களுடைய குடும்பப் பாட்டு. ஆரம்பத்தில் ஒரு விசில், நடுவில் குதிரைக் குளம்பொலி, கடைசியில் பாடகர் காரணமே இல்லாமல் ஒரு சிரிப்பு.

அவர் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவள் முதன்முதலில் கண்ணாடி போட வந்த அன்று, உள்ளறையிலிருந்து முதலாளி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் காதில் விழுந்தால் தன் மானம் போய்விடும் என்று கண்ணாடிக்காரர் ரேடியோவைச் சத்தமாகத் திருகினார். இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டாள் அவள்.

"உயிர்" என்றார்.

"எனக்கும்" என்றாள்.

அந்த 'எனக்கும்'மில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. பாட்டு முப்பத்தொரு வாரம் முதலிடத்தைவிட்டு நகரவில்லை. கண்ணாடித் திருகு தளர்ந்துவிட்டது என்று அவள் வரும்போதெல்லாம் அதையே ரசித்துக் கேட்டார். அவள் போனதும், தன் பெயரிலும் கடையின் ஆர்டர் நோட்டிலிருந்த வாடிக்கையாளர்கள் பெயரிலும் அதற்கு எதிராக ஓட்டுப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு, செல்போன் என்று நாற்பத்தாறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரே போட்டுவிடுவார். அவளும் கண்ணை மூடித் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்காக எத்தனை குதிரையையும் தாங்கலாம் என்றிருந்தார்.

"அந்த மூட்டையெல்லாம் இன்னுமா வச்சிருக்காங்க?" என்றாள் மனைவி.

"ஆமாம்."

"எல்லா கார்டுமா?"

அவளுக்குத்தான் எவ்வளவு பெருமை என்று நினைத்தபடி, அவர் கூட்டைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

விஷயம் மகளுக்குப் போனது. ஞாயிறு நிகழ்ச்சியைப் பற்றி அவள் ஏற்கெனவே ரேடியோ அறிவிப்பில் கேட்டிருந்தாள். மகள் சம்பந்தி வீடு, மாடி வீடு, எதிர்வீடு என்று எல்லோரையும் ஞாயிறு காலை வரச் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரர் வீட்டு ரேடியோவிலிருந்து பேட்டரியை உருவிவிடலாம் என்று போய்த் திறந்தார். பேட்டரியைக் காணோம். கடவுளே துணைக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மருமகன் ஆளுயர ஸ்பீக்கரோடு வந்து இறங்கினார்.

வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை நிலையத்துக்கே ஓடினார். கிடங்கில் ஒரு குமாஸ்தா, காதில் மாட்டும் கம்பி கழன்ற கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கார்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு கார்டை மட்டும் குடுத்துடுங்க, புண்ணியமா போகும்" என்று கண்ணாடிக்காரர் கெஞ்சினார். கெஞ்சியபடியே, குமாஸ்தாவின் கண்ணாடியை வாங்கி கழன்றதைச் சரிசெய்து, துடைத்து மாட்டியும் விட்டார்.

"அடடா! மூணு மாசமா கலங்கலா தெரிஞ்சதெல்லாம் பளிச்னு தெரியுதே" என்று குமாஸ்தா நெகிழ்ந்துபோனார். "கார்டைத் தர எனக்கு அதிகாரம் இல்ல சார். ஆனா ஆளே நேர்ல வந்துட்டா கார்டை வாசிக்க மாட்டாங்க, பேட்டிதான் எடுப்பாங்க. நான் சொல்லிடறேன்."

குமாஸ்தா அப்படியே சொன்னார். அறிவிப்பாளர், கண்ணாடிக்காரரின் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது மகள். "அப்பா மட்டும் எதுக்கு? அம்மாவும் வருவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

"நான் எதுக்குடி?" என்று மனைவி மறுத்துப் பார்த்தாள். மகளிடம் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிலைய வாசலில் வருகை நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மனைவியின் பேனா அந்தரத்தில் நின்றது. "இதெல்லாம் அவசியமாங்க?" என்று கேட்டுவிட்டு, மனசில்லாமல் எழுதினாள்.

நேரடி ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர் குழைந்த குரலில் பேசிக்கொண்டே, மேஜைக்கடியிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். "பேட்டிக்கு நடுவுல, ஐயாவுக்கு ஒரு சின்ன ஆச்சரியம்..."

ஈயம் காய ஆரம்பித்துவிட்டது. வேற்று ஆள் வாயிலிருந்து அவள் அதைக் கேட்கக்கூடாது. கண்ணாடிக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. அன்னிக்கும் பிடிக்கல, இன்னிக்கும் பிடிக்கல. அந்தக் குதிரை ஓடறப்பல்லாம் எனக்குப் பல்லு கூசும். உனக்கு உயிர்னு சொன்னியே, உன் முகம் வாடிடக்கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா சொல்லல. உன்ன ஏமாத்திட்டேன். மன்னிச்சுடு."

வீட்டில் ஸ்பீக்கர் முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நாற்பத்தாறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு நிமிடத்தில் உடைத்துவிட்டோமே என்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கதவைத் தள்ளிக்கொண்டு குமாஸ்தா உள்ளே வந்தார். மூக்கில் பளபளவென்று கண்ணாடி, ஒரு கக்கத்தில் வருகை நோட்டு, இன்னொன்றில் கயிறு கட்டிய கார்டுக் கட்டு.

"அம்மா, வாசல் நோட்டுல உங்க கையெழுத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. 'கண்ணாடிக் கடைக்காரர் ஒருத்தருக்காக இந்தக் குதிரைச் சத்தத்தை இன்னும் எத்தனை வாரம் ரசிக்கிற மாதிரி நடிக்கிறது, தயவுசெய்து பாட்டை மாத்துங்க'ன்னு முப்பத்தொரு வாரமும் விடாம எழுதினது நீங்கதானே?"