பத்து மணித் தாக்குதல்

திருடனைப் பிடிக்கும் வேலையில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. திருடன் அகப்படாத நாளில் அவனுக்குச் சோறு இறங்காது. ஹைதராபாத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கு மாதக்கணக்கில் சோறு இறங்கவில்லை. (உடம்பு இளைக்கவில்லை, அது வேறு விஷயம்.)

பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்னும் குட்டி நிரல்களைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அப்போதுதான் பரவியிருந்தது. அதற்கென்று உள்ள முறையான தளத்தில் எடுத்தால் பரவாயில்லை. சிலர் யாரோ எழுதியதைக் கணினியின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, 'இதையும் சேர்த்துத் திற' என்று பிரவுசருக்குக் கட்டளை கொடுப்பார்கள். பாஸ்வேர்டு திருடுகிறவர்களின் வழி அது. அப்படித் திறக்கும் கணினிகளைக் காட்டிக்கொடுக்க நான் ஒரு பொறி வைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பொறியில் விழ ஆரம்பித்தது. தினமும் காலை பத்து மணிக்குச் சற்று முன்னால், வெவ்வேறு மாடிகளில் சில கணினிகள், எல்லாவற்றிலும் ஒரே எக்ஸ்டென்ஷன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். நமக்குப் பத்து மணி என்றால் எந்த நாட்டில் எதிரி கண்விழித்து உட்கார்ந்திருப்பான் என்று நான் உலக வரைபடத்தை வைத்து ஆராய்ந்தேன். பொங்கல் வாரத்தில் காலை பத்து மணிக்கு என்ன நடக்கும் என்று ஊரில் எந்தத் தமிழனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

அந்த எக்ஸ்டென்ஷன் முதலில் முளைத்த கணினியின் எண்ணைக் கண்டுபிடித்தேன். அது யாருடையது என்று ஒரு போன் போட்டால் எச்.ஆரில் சொல்லியிருப்பார்கள். பெயர் தெரிந்தால் தயவுதாட்சண்யம் வந்துவிடும் என்று கேட்காமலே அறிக்கையை மேலே அனுப்பினேன். 'யாராக இருந்தாலும் உடனே வெளியேற்ற வேண்டும், விதிவிலக்கு கூடாது' என்ற கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

அன்று ராத்திரி குகட்பள்ளி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே என் வீரப்பிரதாபத்தை விவரித்தேன். கேட்டவர்கள் இருவர். ஒருத்தி என் மனைவி வாசுகி. இன்னொருவன் எங்களோடு தங்கியிருந்த அவள் தம்பி செல்வம். அவனுக்கு அதே கம்பெனியில் வேலைக்குச் சிபாரிசு செய்தவன் நான்தான். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். அதை நம்பி கும்பகோணத்தில் ஒரு பெண் வீட்டார் காத்திருந்தார்கள். பொங்கலுக்குப் போய்ப் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

செல்வம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அனுப்பிட்டீங்களா அத்தான்?"

"மத்தியானமே அனுப்பிட்டேன். நாளைக்குக் காலைல அந்தப் பயலைக் கையும் களவுமா அமுக்கப் போறோம்."

அவன் தலையை ஆட்டிவிட்டு, மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டான். அவன் பங்கு மோரையும் நானே குடித்தேன்.

மறுநாள் வழக்கம்போல என் பைக்கிலேயே இருவரும் ஆபீஸ் போனோம். பத்து மணிக்கு எச்.ஆர். பத்மாவும் செக்யூரிட்டியும் பின்தொடர, குறித்து வைத்த கணினியை நோக்கிப் பாய்ந்தேன். தடயம் அழிவதற்குள் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் இருப்பவன் முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. பிடுங்கினேன். பிறகுதான் நிமிர்ந்தேன்.

செல்வம் உட்கார்ந்திருந்தான். திரையில் சென்னைக்குத் தட்கல் டிக்கெட், பணம் கட்டும் கட்டத்தில் அப்படியே நின்றிருந்தது. பயணிகள் பட்டியலில் முதலில் என் பெயர், அடுத்து வாசுகி, கடைசியில் அவன். பத்து மணிக்குத் தட்கல் திறந்ததும் பெயர், வயது எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிரப்பும் எக்ஸ்டென்ஷன் அது. அவனே எழுதி, ஊருக்குப் போகத் தவித்த நம்மவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறான்.

பத்மா திரையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதி மீ பேரே கதா?" (இது உங்கள் பெயர்தானே?)

ஆமாம் என்று தலையாட்டினேன். செல்வம் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். நான் மேலதிகாரியிடம் ஓடிப்போய்க் கெஞ்சினேன். பையன் யாருடைய பாஸ்வேர்டையும் தொடவில்லை என்றேன். அவர் வாதாடவே இல்லை. தன் திரையைத் திருப்பி, என் தடித்த எழுத்து வரியைக் காட்டினார்.

சாயங்காலம் வெளியே வந்தபோது செல்வம் கேட்டுக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். தனியாகப் போய் அக்காவிடம் சொல்லத் தைரியமில்லாமல் காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறான். ராத்திரியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதான் அனுப்பிட்டேன்னீங்களே. வேலை எப்படியும் போகப்போவுது, டிக்கெட்டாவது எடுத்துடலாம்னு பாத்தேன்." எழுந்து பேன்டைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா கெடைச்சிருக்கும் அத்தான்."

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. தை முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. செல்வம் ஹைதராபாத்திலேயே நாச்சாரம் பகுதியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் சரக்கு இருப்பைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் போய், வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தான். வாசுகி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பிறகு அவன் மெல்ல மேலே வந்தான், கல்யாணமும் ஆனது. அவன் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். யாராவது ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், எனக்கும் மோடத்துக்கும் நடுவில் வந்து கைகளை விரித்து நின்றுகொள்வாள்.

"மாமா, வயர் தீயொத்து!" (பிடுங்காதே என்கிறாள்.)

வீடே சிரிக்கும். முதலில் சிரிப்பவன் செல்வம்தான். வாசுகி மட்டும் மோர் எடுத்து வர உள்ளே போய்விடுவாள்.