ஆம்பளை வருது மணி

அன்புள்ள தங்கச்சிக்கு, இல்லை, மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு, உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு என் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கு முதிய சிஸ்டர்கள் மடத்தில் உன் மூச்சிரைப்பு தேவலையா?

நீ பதறக்கூடாது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். நம்ம பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மடத்துத் தலைமையிலிருந்து ஆள் வந்து பெரிய கேட்டைப் பூட்டிடுவாங்களாம். பூட்டட்டுமே, என்ன குடி முழுகிப் போச்சு? குதிரை லாயத்துல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்தானே. கப்பல்ல வந்த முதல் சிஸ்டருங்க லாயத்தைக் கழுவிட்டு நாலு பொண்ணுங்களைப் பிடிச்சு உட்கார வெச்சாங்களாம். மழை பெஞ்சா ஏழாம் வகுப்புல இன்னும் குதிரை வாடை அடிக்குது. அப்புறம் வந்த மதருங்கள்ல ஒருத்தங்க பொண்ணுங்களை முட்டி போட வெச்சு, பாவாடை தரையைத் தொடுதான்னு பார்த்தாங்க. இன்னொருத்தங்க, சிரிச்சா ஜெபமாலை சொல்ல வெச்சாங்க. கடைசியா நீ வந்த. வந்ததும் குழாய் ரிப்பேர் பார்க்கிற என் கையில ஒரு மணியைக் குடுத்து, வராந்தாவுல ஆட்டிக்கிட்டே நடன்னு சொன்ன. "ஏண்டி, நான் உன் அண்ணன்"னேன். "அண்ணனா இருந்தாலும் ஆம்பளை ஆம்பளைதான்"ன. அன்னையிலேருந்து கழுத்துல மணி கட்டின மாடு மாதிரி திரியறேன். நான் ஆட்டினா, "ஆம்பளை வருது, ஆம்பளை வருது"ன்னு சிரிச்சுக்கிட்டே பொண்ணுங்க கதவுக்குப் பின்னாடி ஓடுங்க. அதுல ஒண்ணு இப்போ டாக்டரு, என் இடுப்பைப் பார்க்கும்போதுகூட "மணி எங்க தாத்தா?"ங்குது.

இப்போ பாதிக்கு மேல பஸ் விடுற புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுச்சுங்க. மிச்சம் இருக்கிறதும் பரீட்சை ஹாலுல. நேத்து குழாய் ஒழுகுதுன்னு மணியை ஆட்டிக்கிட்டே போனேன். ஒரு கதவும் அசையல. உன் இடத்துக்கு வந்த சின்ன மதர் மட்டும் மாடிப்படியில உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. "ஆட்டாதீங்கய்யா, ஒளியறதுக்கு யாரும் இல்ல"ன்னுச்சு. "நீங்க இருக்கீங்களேம்மா, ஒளிங்க"ன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாடி நின்னுச்சு. நல்ல பிள்ளை.

அதனால நீ யாருக்கும் எழுதாத, கிளம்பியும் வராத. உடம்பைப் பாரு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

கடைசியில பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணணும். வயசுல நான் பெரியவன், வேலையில நீ பெரியவ. பாதிப் பாதி வெச்சுக்குவோம்.

இப்படிக்கு,
உன் மணிக்கார அண்ணன்

பி.கு.: உறை ஏன் இவ்வளவு கனம்னு பார்த்திருப்ப. உள்ள இருக்கிறது பெரிய கேட் சாவி. வேற சாவி கிடையாது. தபால்ல திருப்பி அனுப்பாத, நீயே எடுத்துக்கிட்டு வா. பூட்ட வர்ற சிஸ்டருங்க எல்லாம் உன்கிட்ட படிச்சு, திட்டு வாங்கினவங்கதானே, உன் முகத்துக்கு நேரா எப்படிப் பூட்டுறாங்கன்னு பார்ப்போம். உனக்கு மணி தேவையில்ல. கேட் திறந்துதான் கிடக்கு.