கம்ப்யூட்டர் ஏற்காத தேசப்பன்கள்

பழவேற்காடு,
வெள்ளிக்கிழமை, 1988

அன்புள்ள மாப்பிள்ளை ரியாசுதீனுக்கு, மாமனார் இனாயத்துல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மகள் பரீதா, பேரப்பிள்ளைகள் சுகத்துக்கு அல்லாஹ் போதுமானவன். என் சுகம் இன்று சாயங்காலத்துக்கு மேல்தான் தெரியும். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

என் இறால் வியாபாரத்துக்கு நீங்கள் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் ஒரு பெயரை ஒரு தடவைதான் ஏற்கிறது. அதே பெயரில் இன்னொருவனைச் சேர்த்தால், இவன் முன்பே இருக்கிறான் என்று இங்கிலீஷில் சொல்லி நின்றுவிடுகிறது. எனக்கு இறால் போடும் கோட்டைக்குப்பத்து மீனவர்கள் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். தடுக்கி விழுந்தால் ஒரு தேசப்பன் மேல்தான் விழ வேண்டும். தகப்பன் பெயரையும் சேர்க்கச் சொன்னீர்கள், சேர்த்தோம், பூபதி மகன் தேசப்பனே நாலு பேர். சரி என்று ஆளுக்கொரு நம்பர் கொடுத்தால், இறால் எடை போட வரும் கஸ்தூரியம்மாள், "நாங்க இன்னா ஜெயில்லயா கீறோம் பாய்?"னு சண்டைக்கு வந்துவிட்டாள்.

நம் கணக்குப்பிள்ளை வேதாசலம், "நான் பாத்துக்கறேன் மொதலாளி"ன்னான். பாத்தான். ஊரில் ஒவ்வொருத்தருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் உண்டே, அதையெல்லாம் சேர்த்து ஏற்றிவிட்டான். மிஷினும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. நான் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்தில் எடைச்சீட்டெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்து ஐஸ் வண்டியில் குப்பத்துக்கு அனுப்பியும் விட்டான். இந்நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டியிருக்கும். தூங்குமூஞ்சித் தேசப்பன், ஓட்டைவாய்த் தேசப்பன் போகட்டும். ஊர்த் தலைவருக்கு என்ன போட்டிருக்கிறான் தெரியுமா? தண்ணிக்குப் பயந்த தேசப்பன். கடலோடிக்கு, மாப்பிள்ளை. அவர் கை என் தொடைப் பருமன். நாளையிலிருந்து ஒரு படகும் எனக்கு இறால் போடாது. எனக்குப் போட்டியான தோணிரேவு வியாபாரி கூடையோடு காத்திருக்கிறான். நாளைக்கே வந்து இந்தப் பெட்டியைத் தூக்கிப்போய்விடுங்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

பிள்ளைகளை அல்லாஹ் காப்பானாக. என்னையும்.

இப்படிக்கு,
இனாயத்துல்லா

பின்குறிப்பு: பெட்டியை எடுக்க வேண்டாம். வந்தது தலைவர்தான், கையில் துடுப்போடு. "அது எங்கப்பன் காலத்துலேர்ந்து எனக்கு கீற பேரு பாய், அதுக்கா கதவ சாத்திக்கினே? உன் பேரு உனக்குத் தெரியுமா?" என்று சீட்டின் தலைப்பைக் காட்டினார். ஐஸ் பேக்டரிக்காரரும் இனாயத்துல்லாவாம், அதனால் என்னை வேதாசலம் ‘கட்டைவிரல் இனாயத்துல்லா’ என்று ஏற்றியிருக்கிறான். ஏன் கட்டைவிரல் என்று கேட்டேன். தலைவர் என் தராசின் படிக்கல் தட்டைப் பார்த்துச் சிரித்தார். என் பெயரை மட்டும் நீங்களே வந்து மாற்றிக் கொடுங்கள். வேதாசலத்திடம் சொன்னால், ஊரில் எனக்கு இன்னும் ரெண்டு பெயர் உண்டாம், இருப்பதில் மரியாதையானது இதுதானாம்.