கிளைவின் பெட்டியும் முப்பது வாள்களும்

கிளைவின் சவப்பெட்டிக்கென்று எடுத்து வைத்திருந்த பலகையிலிருந்து முதல் வாளை அறுத்தபோது, நெவிலுக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. அடிப்பலகையை அளவுக்கு வெட்டியதில் ஒரு முழத் துண்டு மிச்சம் விழுந்தது. கராஜ் வாசலில் எதிர்சாரி மெரியானா, ஒன்பது வயசுக்காரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்டாள். கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"வீடியோ கேம்ல வர்ற வாள், அங்கிள். 'சாம்பல் கோட்டை'ன்னு கேம். நடுவுல ஒரு சிவப்புக் கோடு இருக்கணும். நுனியில மூணு வெட்டு."

"வெட்டு எதுக்கு?"

"எத்தனை பூதத்தைக் கொன்னோமோ அத்தனை வெட்டு."

நெவில் முப்பத்தொரு வருஷம் இறைச்சி ஆலையில் ஆடு வெட்டியவர். இந்தக் கணக்குப்படி அவர் கத்தியில் பிடிகூட மிஞ்சியிருக்காது. சிரித்துக்கொண்டே மூன்று வெட்டு வெட்டிக் கொடுத்தார்.

பெட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் திமாருவில் ஒரு சவப்பெட்டிக் கழகம் உண்டு. செவ்வாய்தோறும் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் கூடி, அவரவர் பெட்டியை அவரவர் செய்துகொள்வோம். நடுவில் டீ, ஸ்கோன் ரொட்டி, ஊர்வம்பு. நெவிலின் பெட்டி முடிந்து இரண்டு வருஷமாகிறது. அதில் இப்போது விதை உருளைக்கிழங்கு கிடக்கிறது. தலைவி பெர்னிஸ் தன் பெட்டியைக் கூடத்தில் போட்டு, போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறார். விருந்தாளிகள் அதன்மேல்தான் உட்கார வேண்டும்.

கிளைவ் மட்டும் கழகத்தில் சேரவில்லை. ஆலையில் நெவிலுக்குப் பக்கத்து இடத்தில் நின்று வேலை பார்த்தவர், இப்போது எதிர்வீட்டில் தனியாக இருப்பவர், ஆறடி நாலங்குலம். நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாயோடு சாய்வு நாற்காலியில் கிடந்தார். இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்று நர்ஸ் நெவிலிடம் சொல்லியிருந்தாள்.

"என் சாவுக்கு நான் எதுக்குடா ஊரோட உக்காந்து டீ குடிக்கணும்? நீ செஞ்சு குடு. கடைப் பெட்டி எனக்கு வேணாம்" என்றார் கிளைவ்.

நெவில் வாக்குக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷத்தில் கிளைவ் அவரிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். அதையும் செய்யாமல் விட்டால் தான் ஒரு மனுஷனே இல்லை என்று அவர் நினைத்தார்.

தினம் காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து போன் வரும்.

"என்னடா, பெட்டி எந்த மட்டுல நிக்குது?"

"அடிப்பலகை முடிஞ்சுது. நாளைக்கு வலது பக்கம்."

"ஆமை தேவலாம்டா. நான் செத்தப்புறம் செஞ்சு யாருக்கு? குப்பைப் பையில கட்டி வாசல்ல வெக்கப் போறியா? நம்ம தெருவுக்குப் புதன்கிழமைதான் வண்டி வரும், ஞாபகம் வெச்சுக்க."

மறுநாள் வலது பக்கத்துப் பலகையில் ரம்பத்தை வைத்தார். வைத்ததும் மெரியானா வந்து நின்றாள். கூடவே ஐந்து வயசுத் தம்பி ராவிரி, முகமெல்லாம் கண்ணீரும் மூக்குச்சளியுமாக.

"இவனுக்கும் ஒண்ணு வேணுமாம் அங்கிள். இல்லேன்னா அழுதுக்கிட்டே இருப்பானாம்."

"எவ்வளவு நேரம்?"

"போன தடவை ரெண்டு நாள்."

பலகையின் ஓரத்தில் கொஞ்சம் போயிற்று. பக்கத்துக்கு வேறு துண்டை ஒட்டிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமே ராவிரியின் முன்பல் மெரியானாவின் உள்ளங்கையில் இருந்தது.

"ஆடிக்கிட்டிருந்த பல்லுதான் அங்கிள். நான் கொஞ்சம் சீக்கிரமா எடுத்துட்டேன்."

நெவில் பதறிப்போனார். பெட்டிக்குள் மெத்தையாக விரிக்க பெர்னிஸ் கொடுத்திருந்த நுரைப்பஞ்சை எடுத்து, இரண்டு வாளுக்கும் விளிம்பு கட்டினார். கைப்பிடியில் சிலாம்பு குத்துகிறது என்றார்கள். பெட்டியைத் தூக்குவதற்கு வைத்திருந்த கயிற்றில் ஒரு பாகம் வெட்டி அதில் சுற்றினார். இனி யாருக்கும் அடிபடாது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

வலிக்காத வாள் என்றால் எந்தத் தாய் வேண்டாமென்பாள்? மறுநாள் காலை கராஜ் வாசலில் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் மெரியானா, ரேஷன் கடைக்காரி மாதிரி பெயரைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறோம். இங்கே குரங்குகூட முழுசாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பெர்னிஸ் மேற்பார்வைக்கு வந்தார். எழுபத்தெட்டு வயசு, கழுத்தில் எப்போதும் அளவு டேப். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நெவில், இந்தப் பக்கம் காத்து வாங்கறதுக்கா?"

நெவில் நடந்ததைச் சொன்னார்.

"அடுத்தவங்க பலகையைத் தொடக் கூடாதுன்னு கழகத்துல இருக்கறது ஒரே ஒரு விதி. அதையும் வாளா அறுத்துட்டியா?"

"பசங்க கேட்டாங்க, பெர்னிஸ். முகத்தைப் பாத்தா இல்லேன்னு சொல்ல வரலை."

"முப்பது வருஷம் ஆட்டு முகத்தைப் பாத்து வராத இரக்கம் இப்ப எங்கேருந்து வருது?" என்றவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "நம்ம கழகத்து ஹாலண்டோட பெட்டி ஹால்ல சும்மா கிடக்கு. அவர் சாகற யோசனையை விட்டுட்டுப் பொண்ணோட பிரிஸ்பேன் போயிட்டார். ஆனா அவர் அஞ்சரை அடிதான்."

ஆறடி நாலங்குலத்தை ஐந்தரை அடியில் எப்படி அடைப்பது? நெவில் எட்டு மணி போனில் மெதுவாகத் தொடங்கினார்.

"கிளைவ், நீ தூங்கறப்ப காலை மடக்கிப் படுப்பியா, நீட்டிப் படுப்பியா?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

"இத்தனை வருஷத்துல இல்லாம இன்னிக்கு எதுக்குடா அந்த ஆராய்ச்சி? நீட்டித்தான் படுப்பேன். நல்லா, முழுசா, நீட்டி. மூடி எப்ப?"

"வியாழக்கிழமை" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார் நெவில்.

வியாழக்கிழமை மூடிப் பலகையை மேசையில் தூக்கிப் போட்டார். பென்சில் கோடு கூடப் போடவில்லை. மெரியானா ஓடிவந்தாள். தலைமையாசிரியர் எட்டு வாளையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

"வேற எட்டு வேணும் அங்கிள். உடனே." அவள் மேசையைப் பார்த்தாள். "இந்தப் பலகையில நிறைய வரும்."

"இது கிளைவோட மூடி!"

"தெரியும்" என்றாள் மெரியானா.

இந்த முறை நெவில் புத்தியாக நடந்துகொள்வதென்று முடிவு செய்தார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனார். தலைமையாசிரியர் ஃபெட்டு மலைபோல ஒரு சமோவாக்காரர். அவர் எதிரே உட்கார்ந்ததும் நெவிலுக்குத் தானே ராவிரி வயசுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

"ஸ்கூலுக்குள்ள ஆயுதம் கூடாதுங்க" என்றார் ஃபெட்டு.

"ஆயுதமா? சேச்சே. அது வந்து... நாடகத்துக்கு!"

ஃபெட்டுவின் முகம் மலர்ந்தது.

"நாடகமா? முதல்லயே சொல்லக் கூடாதா! வர்ற புதன்கிழமை எங்க வகுப்பு நாடகம். என்ன போடறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். முப்பது பிள்ளைங்க. எட்டு இருக்கு. இன்னும் இருபத்திரண்டு செஞ்சு குடுத்துடறீங்களா? சில பேருக்குக் குடுத்து சில பேருக்கு இல்லேன்னா பாவம், பிஞ்சு மனசு."

பிஞ்சு மனசுக்காக மூடி முழுவதும் போயிற்று. அதில் பதினெட்டுதான் தேறியது. மீதி நாலுக்கு இடது பக்கத்தில் கைவைத்ததில் அதுவும் உதவாமல் போயிற்று. கடைசியில் கிளைவுக்கு மிஞ்சியது ஓர் அடிப்பலகையும், தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் இரண்டு துண்டும். அதில் ரொட்டி வைத்து அடுப்பில் தள்ளலாம், ஆளை வைத்துப் புதைக்க முடியாது.

அன்று சாயங்காலம் நர்ஸ் தெருவில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள். "ஒரு வாரம்னு சொல்லலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

நெவில் கராஜுக்குள் போய் அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்தார். அழுகை வந்தது. சாகப்போகிற சிநேகிதனின் பெட்டியை அறுத்து விளையாட்டுச் சாமான் செய்த மடையன் இந்தத் தீவில் தன்னைத் தவிர யார் இருக்க முடியும்? எழுந்தார். தன் சொந்தப் பெட்டியிலிருந்த உருளைக்கிழங்கைத் தரையில் கொட்டினார். ஆணிகளைப் பிடுங்கி, பெட்டியைப் பலகை பலகையாகப் பிரித்துப் போட்டார். ஹாலண்டின் பெட்டியை பெர்னிஸ் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டையும் சேர்த்தால் ஒரு கிளைவ் வரும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு போன் வந்தது. குரலில் பாதிதான் மிச்சம் இருந்தது.

"இன்னிக்கு என்னடா வேலை?"

"இன்னிக்கு முடிச்சுடறேன், கிளைவ். மூடி உள்பட. கராஜைப் பூட்டிட்டுதான் உக்காரப் போறேன். ஒரு பய உள்ள வர முடியாது."

மறுமுனையில் ஓர் இருமல் எழுந்து அடங்கியது.

"அவசரம் ஒண்ணும் இல்லைடா" என்றார் கிளைவ்.

குத்திக்காட்டுகிறான் என்று நெவிலுக்குச் சுருக்கென்றது. கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டார். பத்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது.

"அங்கிள்! ஒரே ஒரு வாள்!"

"முப்பது குடுத்தாச்சு! ஒரு வகுப்புக்கே குடுத்தாச்சு!"

"முப்பத்தொண்ணு வேணும்!"

"யாருக்கு?"

அவள் யோசித்தாள். "பூனைக்கு!"

நெவில் டிரில்லை ஓடவிட்டார். வெளியே இரண்டு கையாலும் தட்டினாள். அப்புறம் காலால் உதைத்தாள். அப்புறம் நிஜமாகவே அழுதாள். நெவிலுக்கு மனசு பிசைந்தது. ஆனாலும் இந்தத் தடவை அவர் அசையவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, வாழ்நாளில் முதல்முறையாகத் தான் ஓர் உறுதியான ஆள் என்று அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை பெர்னிஸும் அவரும் பெட்டியைத் தெருவைத் தாண்டித் தூக்கிப் போனார்கள். கிளைவின் கூடத்தில் சுவரளவு டிவி. அதன் முன்னால் மெரியானாவும் ராவிரியும் 'சாம்பல் கோட்டை' ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு டிவி சின்னது, அதனால் ஆட்டம் எப்போதும் இங்கேதான். மெரியானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார் நெவில்.

கிளைவ் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தார். மூடியைத் தட்டினார். தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை கையால் தடவிக்கொண்டே போனார். வசவு வரும் என்று நெவில் காத்திருந்தார்.

"நல்லா இருக்குடா" என்றார் கிளைவ். "குறை சொல்ல ஒண்ணுமே விட்டு வெக்கலையே நீ."

அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்து நெவில் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. கிளைவ் உட்காரச் சொன்னார். டீ போடச் சொன்னார். அது தீர்ந்ததும் இன்னொரு கோப்பை போடச் சொன்னார். பெர்னிஸ் போன பிறகும் நெவிலைப் போக விடவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு போன் வரவில்லை.

புதன்கிழமை நடக்கவிருந்த நாடகத்தை ஃபெட்டு ரத்து செய்துவிட்டு, வகுப்பையே சர்ச்சுக்கு அழைத்து வந்திருந்தார். வாசலிலிருந்து இரண்டு வரிசையாகப் பிள்ளைகள் வாளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். அதன் கீழே பெட்டி போயிற்று. உள்ளே கிளைவ் நன்றாக, முழுசாக, காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"தப்பித் தவறி ஒரு வேலையை நேரத்துக்கு முடிச்சிருக்கே" என்று பெர்னிஸ் நெவிலின் தோளைத் தட்டினார். "அவர் நிம்மதியாப் போயிருப்பார்."

நெவிலுக்கும் அப்படித்தான் இருந்தது. துக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெருமை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாயிற்று. இரண்டு நாள் முந்தியே காப்பாற்றியாயிற்று.

எல்லோரும் ஹாலுக்கு சீஸ் ரோல் தின்னப் போனபோது மெரியானா படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நெவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கதவைத் திறக்கலேன்னு கோவமாம்மா? நாளைக்கே வா. பூனைக்கும் சேத்து எத்தனை வாள் வேணுமோ அத்தனை செஞ்சு தரேன்."

மெரியானா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எனக்கு வாளே வேணாம் அங்கிள்; 'அவன் அந்தப் பெட்டியை முடிச்சுட்டா நான் கிளம்பணும், ஓடிப்போய் இன்னொண்ணு கேளு'ன்னு ஒவ்வொரு தடவையும் கிளைவ் தாத்தாதான் என்னை அனுப்பினாரு."