சப்பாத்துக்குள் நீண்ட கால்

கூட்டம் அறுபது பேரா எண்பதா என்பது சரியாக நினைவில்லை; சொல்லச் சொல்லக் கூடியிருக்கவும் கூடும். மார்க்கம் நகரில் அந்த வீட்டு நிலக்கீழ் அறையில் எல்லாரும் காலில் சப்பாத்தோடு இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். தமிழ் வீட்டில் அதுவே முதல் அற்புதம்.

மூன்று வருடத்துக்கு முன் வீடு விற்கும் முகவராயிருந்த றிச்சர்ட் இப்போது மற்றவர்களின் கட்டைக் காலை நீட்டினார். கண்ணூறு பட்டால் ஒரு கால் கட்டையாகுமாம். அவர் செபித்து ஒரே வெட்டில் இழுத்தால் சரியாகுமாம்.

பேர்ணடெற்றுக்கு இடுப்பில் புது மூட்டு வைத்து ஏழு கிழமை. மே மாதம் பேத்தியின் முதல் நன்மைத் திருப்பலிக்குத் தடியில்லாமல் கோயிலுக்குள் நடக்கவேண்டும். பிசியோதெரபிஸ்டான மருமகள் நிலாணி கொடுத்த பயிற்சியோ சப்பென்றிருந்தது: மெல்ல நீட்டு, முப்பது விநாடி பிடி, நொந்தால் நிறுத்து. அதில் என்ன அருள் இருக்கிறது? கார் ஓட்டிவந்த நிலாணி பின்னால் நின்றாள்.

றிச்சர்ட் பேர்ணடெற்றைக் கதிரையில் இருத்தி, இரண்டு சப்பாத்தையும் பிடித்துத் தூக்கினார். "பாருங்கோ, இடது கால் ஒரு விரல் அகலம் கட்டை."

சனம் பார்த்தது. கட்டைதான்.

பேர்ணடெற்றுக்கு வேறொன்று உறைத்தது. "தம்பி, வலது குதிக்கால் சப்பாத்துக்குள்ளை மேலை வந்திட்டுதே?"

"அது கண்ணூறு கழருது, அன்ரி."

"கழரட்டும். சப்பாத்தையும் கழட்டிப்போட்டுப் பாப்பம்," என்றாள் நிலாணி.

"நிலம் குளிர், பிள்ளை. குளிர் பட்டா அருள் இறங்காது."

"ஹீற்றர் ஓடுது, அண்ணை."

அவர் இடது காலை இழுக்கக் குனிந்தார். நிலாணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடுங்கோ. வெட்டி இழுத்தா மாமியின்ரை புது மூட்டுக் கழண்டிடும்."

அவளே சப்பாத்துகளைக் கழற்றினாள். காலுறைக்குள் இரண்டு குதிக்காலும் ஒரே கோட்டில் நின்றன. வலது சப்பாத்தை ஒரு விரல் வெளியே இழுத்தால் இடது கால் கட்டை. திரும்பத் தள்ளினால் அற்புதம். அவ்வளவுதான்.



"எனக்குப் போன கிழமை ஒரு அங்குலம் நீட்டினவர்," என்றார் கூட்டத்தில் நின்ற சிவபாதம் மெதுவாக.

"பிறகு காற்சட்டை கட்டையாகேல்லையோ, அங்கிள்?" என்று கேட்டாள் நிலாணி.

அவர் குனிந்து பார்த்தார். "இல்லைப் பிள்ளை."

சப்பாத்தைக் கழற்றவேண்டிய வாசலில் புத்தியைக் கழற்றி வைத்தால், எவனும் காலைப் பிடித்து இழுப்பான்.

றிச்சர்ட் மறுபடி வீடு விற்கிறார். சிவபாதம் தான் முதலே சந்தேகப்பட்டதாகச் சொல்லித் திரிகிறார். பேர்ணடெற் தினமும் முப்பது வரை எண்ணினாள். மே மாதம் தடியில்லாமல் நடந்தாள், கொஞ்சம் சாய்ந்து.